இபிஏபிஎக்ஸில் அழைப்பவரின் எண் ஏன் தெரிவதில்லை? – நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான இபிஏபிஎக்ஸ் பற்றி, கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அலுவலக இபிஏபிஎக்ஸில் 4 லேண்ட்லைன்களும் 16 எக்ஸ்டென்ஷன்களும் உள்ளன. லைனை நேராக ஒரு டெலிபோனில் செருகினால் அழைப்பவரின் எண் தெரிகிறது. இபிஏபிஎக்ஸ் வழியாக வந்தால் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?"

நேராகச் செருகிப் பார்த்ததிலேயே பாதி வேலையை அவர் முடித்துவிட்டார். அழைப்பவரின் எண்ணைக் காட்டும் காலர் ஐடி சேவை லைனில் இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டதால், இனி தொலைபேசி நிலையத்தில் புகார் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இம்முறை எண் எப்போது தோன்றுகிறது என்று கவனியுங்கள். மணி அடிப்பதற்கு முன்பே எண் வந்துவிட்டால், பெரும்பாலும் அது டிடிஎம்எஃப் முறை. அதாவது நாம் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் அதே ஒலிகளாக எண் அனுப்பப்படுகிறது. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் தோன்றினால் அது எஃப்எஸ்கே. பழைய மோடத்தைப் போல, நொடிக்கு 1200 பிட் வேகத்தில் தகவல் வருகிறது. இந்தியாவில் இரண்டுமே புழக்கத்தில் இருப்பதால், இபிஏபிஎக்ஸ் புரோகிராமிங்கில் ஒவ்வொரு டிரங்க் லைனுக்கும் (வெளியிலிருந்து வரும் லேண்ட்லைனுக்கும்) சரியான முறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கணினியையே இபிஏபிஎக்ஸாக மாற்றும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை, லேண்ட்லைனைக் கணினியில் இணைக்கும் அனலாக் கார்டுடன் பயன்படுத்துவோருக்கு, லைனின் போலாரிட்டி (நேர், எதிர் மின்முனைகள்) மாறுவதைக் கண்டு டிடிஎம்எஃப் எண்ணைப் படிக்க, இந்தியாவுக்கென்றே தனி அமைப்பு ஒன்று அதில் உள்ளது.

ஆனால் புரோகிராமிங்கில் கை வைப்பதற்கு முன், வெளி லைன்கள் இணையும் டிரங்க் கார்டில் சிஎல்ஐ வசதி (அழைப்பவரின் எண்ணைப் படிக்கும் வசதி) இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். பழைய கார்டுகள் பலவற்றில் அது கிடையாது. ஓர் அலுவலகத்தில் இதைக் கேட்காமல் அரை நாள் முழுவதும் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்து ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு. கார்டை மாற்றிய பிறகுதான் எண் வந்தது.

கார்டும் முறையும் சரியாக இருந்தும் எண் வராவிட்டால், வரவேற்புக் குரலைச் சந்தேகியுங்கள். அந்தக் குரலை ஒலிக்கவிடும் தானியங்கி வசதியான ஆட்டோ அட்டெண்டன்ட் முதல் மணியிலேயே அழைப்பை எடுத்துவிட்டால், இரண்டு மணிகளுக்கு இடையில் வரவேண்டிய எஃப்எஸ்கே தகவலுக்கு இடமே இல்லாமல் போகிறது. இரண்டாம் மணிக்குப் பிறகு எடுக்குமாறு மாற்றினால் போதும். அழைப்பவர் சில நொடிகள் கூடுதலாகக் காத்திருப்பார், அவ்வளவுதான். அதன் பிறகு, எண்ணை எக்ஸ்டென்ஷனுக்கு அனுப்பும் வசதியையும் தனியாக இயக்க வேண்டும். மேசையில் இருக்கும் டெலிபோன் எந்த முறையைப் படிக்குமோ அந்த முறையிலேயே இபிஏபிஎக்ஸ் அனுப்ப வேண்டும்.

எண் தெரியத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வரும்: "மொபைல் எண் திரையில் இருக்கிறது, ஆனால் திரும்ப அழைத்தால் போகவில்லையே?" திரையில் இருப்பது வெறும் 10 இலக்கம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்க முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் வெளி லைன் எடுப்பதற்கும் பூஜ்யம்தான் என்றால், இரண்டு பூஜ்யங்களை அழுத்திவிட்டுத்தான் அந்த எண்ணைத் தொடங்க வேண்டும். சில இபிஏபிஎக்ஸ்களில் வரும் எண்ணுக்கு முன்னால் இவற்றைத் தானாகச் சேர்க்கும் வசதி உண்டு. உங்களுடையதில் இருந்தால் அதையும் இயக்கிக்கொள்ளுங்கள்.