இஞ்சின் இல்லாத படகை எப்படித் திருப்பினார்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று, வந்த நாளிலிருந்து என் மனத்தை விட்டு அகலவில்லை. கரூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றிலும் மிசிசிப்பி ஆற்றிலும் படகிலேயே குடித்தனம் நடத்திப் பயணம் செய்த ஹார்லன் ஹப்பர்ட், அன்னா ஹப்பர்ட் தம்பதியைப் பற்றி முன்பு பேசியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "அந்தப் படகில் இஞ்சினும் இல்லை, பாய்மரமும் இல்லை என்றீர்கள். அப்படியானால் படகை எப்படித் திருப்பினார்கள்? சுக்கானை மட்டும் வைத்தா? போன படகு எப்படித் திரும்பி வந்தது? இத்தனை ஆண்டுகள் ஒரே அறையில் கணவனும் மனைவியும் எப்படிக் காலம் தள்ளினார்கள்? இன்று யாராவது அப்படிப் போக முடியுமா?"

கேள்வியின் முதல் பகுதி எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று சொல்லி முடியாது. படகைப் பற்றிப் பேசினால் எல்லோரும் துணிச்சலைப் பற்றிக் கேட்பார்கள். இந்த அம்மா சுக்கானைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஆற்றங்கரையில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்லன் ஓர் ஓவியர். அன்னா சின்சினாட்டி பொது நூலகத்தில் நுண்கலைப் பிரிவில் பணியாற்றியவர். 1943இல் திருமணம். அப்போது இருவருக்குமே நாற்பது வயது கடந்துவிட்டது. 1944இல் கென்டக்கி மாநிலத்தில் பிரெண்ட் என்ற கரையோரச் சிற்றூரில் தங்கள் கையாலேயே ஒரு படகு கட்டினார்கள். தட்டையான அடிப்பாகம், அதன்மேல் ஒரு சிறிய மர வீடு. அந்த ஊர்ப்பக்கம் இதை ஷான்டி படகு என்பார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வாடகை கொடுக்க வழியில்லாத ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிப்பட்ட படகுகளில்தான் வாழ்ந்தார்கள். ஹப்பர்ட் தம்பதி அங்கே வந்தது வறுமையால் அல்ல, விரும்பி வந்தார்கள். 1946 இறுதியில் கயிற்றை அவிழ்த்தவர்கள் 1950இல் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 2,200 கிலோமீட்டர். அதன்பிறகும் லூசியானாவின் தேங்கு நீரோடைகளில் ஓராண்டு போலத் தங்கியிருந்தார்கள்.

இனி சுக்கானுக்கு வருவோம். அம்மா, நீரோட்டத்தோடு மிதந்து போகிற படகில் சுக்கான் வேலை செய்யாது. சுக்கான் என்பது ஒரு பலகை. அதன்மேல் தண்ணீர் வந்து மோதினால்தான் அது படகைத் திருப்பும். மிதக்கும் படகோ தண்ணீரின் அதே வேகத்தில் போகிறது. ஓடுகிற பஸ்ஸுக்குள், எல்லா ஜன்னல்களையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் முகத்தில் காற்று படுவதில்லை. அதே நிலைதான் சுக்கானுக்கும். நீங்கள் படகின் ஓரத்தில் நின்று பார்த்தால், உங்களோடு வெள்ளத்தில் வருகிற மரக்கட்டை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். காலையில் பார்த்த கட்டை மாலையிலும் பக்கத்திலேயே கிடக்கும். நகர்வதெல்லாம் கரைதான்.

அதனால் திருப்பும் வேலை முழுவதும் நீண்ட துடுப்புகளுக்குத்தான். அந்தத் துடுப்பால் படகை முன்னால் தள்ள மாட்டார்கள். முன்னால் கொண்டுபோவது ஆற்றின் பொறுப்பு. துடுப்புப் போடுகிறவர் படகைக் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். ஏன் தெரியுமா? ஆறு வளையும் இடத்தில் நீரோட்டம் முழுவதும் வெளிக்கரையில் போய் மோதும். அங்கேதான் மண் சரிந்து, வேரோடு சாய்ந்த மரங்கள் தண்ணீருக்குள் கிளைநீட்டிக் கிடக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு துடுப்பைத் தேடினால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். வளைவு தொலைவில் கண்ணில் பட்டதுமே உள்கரைப் பக்கம் ஒதுங்கத் தொடங்க வேண்டும். ரொம்பவும் ஒதுங்கினால் மணல்திட்டில் தட்டிவிடும்.

காற்று இன்னொரு தொல்லை. படகின்மேல் இருப்பது வீடு. அந்த வீட்டுச் சுவர் காற்றுக்கு ஒரு பாய்மரம் போலத்தான், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். எதிர்க்காற்று பலமாக அடித்தால் ஆறு கீழ்நோக்கி ஓடும்போதே படகு நின்ற இடத்தில் நிற்கும். பக்கக்காற்று கரையில் கொண்டுபோய் மோதும். இரண்டு பேர் துடுப்புப் போட்டு அதை வெல்ல முடியாது. காற்று அடங்கும்வரை ஓர் ஓடை ஆற்றில் கலக்கும் வாயில் ஒதுங்கிக் கட்டிப்போட வேண்டியதுதான். அங்கே நீரோட்டம் இல்லை. மிதந்துவரும் மரங்களும், பெரிய கப்பல்கள் கிளப்பும் அலையும் அவ்வளவாக எட்டாது. கட்டிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. இரவில் ஆறு இறங்கினால் படகின் ஒரு பக்கம் கரையில் தங்கிச் சாய்ந்துவிடும்; அடியில் ஒரு மரத்தின் மொட்டைக்கட்டை இருந்தால் அடிப்பலகையைத் துளைத்துவிடும். ஆறு ஏறினால் கயிற்றைத் தளர்த்தி, கழியால் ஊன்றித் தள்ளி, மேலே இன்னொரு மரத்துக்கு மாற்றிக் கட்ட வேண்டும். இருட்டில், மழையில், குளிரில் செய்கிற வேலை இது.

நான் எப்போதும் சொல்வதை இங்கே மறுபடியும் சொல்கிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மனப்பாடமாகவே ஆகியிருக்கும். ஆற்றில் போகிறவர் நாள் குறிப்பதில்லை. ஆறுதான் நாள் குறிக்கிறது. ஒஹையோ ஆற்றில் இது இன்னும் துல்லியமான உண்மை. 1929இல் அந்த ஆறு முழுவதும் சுமார் ஐம்பது தடுப்பணைகள் கட்டி முடிக்கப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நாம் பார்க்கிற கல்லணை மாதிரி நிலையானவை அல்ல. ஆற்றின் தரையில் கீல் வைத்துப் பொருத்திய கனமான மரப்பலகைகளை வரிசையாக நிமிர்த்தி நிறுத்தியிருப்பார்கள். கோடையில் தண்ணீர் குறைந்தால் பலகைகள் நிமிரும். பின்னால் தண்ணீர் தேங்கும். சரக்குப் படகுகள் பக்கத்திலுள்ள மதகு வழியாக, அதாவது கதவை அடைத்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் ஒரு தொட்டி வழியாக, ஏறி இறங்கும். குளிர்காலத்தில் வெள்ளம் வந்ததும் பலகைகளை ஆற்றின் தரையோடு தரையாகப் படுக்கவைத்துவிடுவார்கள். அணை என்ற ஒன்று அங்கே இருப்பதே தெரியாது. படகுகள் அதன் மேலேயே மிதந்து போகலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கோடையில் இஞ்சின் இல்லாத படகு அந்த ஆற்றில் என்ன செய்யும்? தேங்கிய நீரில் நகரவே நகராது. குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் மட்டும்தான் ஆறு அவர்களைச் சுமந்து செல்லும். அதனால்தான் அந்தப் பயணத்துக்கு இத்தனை ஆண்டுகள்.

என்னிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு, அதை நானே கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் நின்ற இடங்களில் என்ன செய்தார்கள்? என்னைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. முதல் கோடைக்கு பெய்ன் ஹாலோ என்ற பள்ளத்தாக்கில் கரையேறித் தோட்டம் போட்டார்கள். அடுத்த கோடை, கம்பர்லாந்து ஆறு ஒஹையோவில் கலக்கும் பகுதியில். அதற்கடுத்த கோடை மிசிசிப்பியில் நாட்செஸ் ஊருக்கு அருகே. வெள்ளம் வடிந்ததும் விதைப்பார்கள். இலையுதிர் காலத்தில் அறுவடை. விளைந்த காய்கனிகளை அன்னா வேகவைத்து, கண்ணாடிச் சாடிகளில் காற்றுப் புகாமல் அடைத்துப் படகின் அடித்தளத்தில் அடுக்கிவைப்பார். தானியத்தைக் கையாலேயே அரைத்து ரொட்டி சுடுவார். ஹார்லன் நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி மீன் பிடிப்பார்; தேவைக்கு மிஞ்சியதை விற்பார் அல்லது பண்டமாற்றாகக் கொடுப்பார். தேனீப் பெட்டிகளும் வைத்திருந்தார்கள். சாடிகள் நிறையும் நேரத்தில் மழை வரும், ஆறு ஏறும், பலகைகள் சாயும், கயிற்றை அவிழ்ப்பார்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற நமக்கு இது எளிதில் விளங்கும். மண்ணின் பருவமும் ஆற்றின் பருவமும் ஒன்று முடியும் இடத்தில் மற்றொன்று தொடங்கும்படி அமைந்திருந்தன. தோட்டம் இருந்ததால் கையில் அதிகப் பணமில்லாமல் போக முடிந்தது. ஆறு கோடையில் அவர்களை நிறுத்தியதால் தோட்டம் போட முடிந்தது. இது தற்செயலாக வாய்த்தது என்று நான் நம்பவில்லை. ஹார்லன் அந்த ஆற்றின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டையும் நன்றாக அறிந்திருந்தார்.

திரும்பி வந்தது எப்படி என்பதற்கு வருகிறேன். படகு திரும்பி வரவில்லை. லூசியானாவிலேயே அதை விட்டுவிட்டுத் தரைவழியாகத்தான் வந்தார்கள். அந்த ஆற்றில் அது பழைய வழக்கம். ஆபிரகாம் லிங்கன் இளைஞராக இருந்தபோது, 1828இலும் 1831இலும், சரக்கு ஏற்றிய தட்டைப் படகில் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். அங்கே போனதும் சரக்கை விற்பார்கள், படகையும் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். நீராவிக் கப்பல் வருவதற்கு முன் படகோட்டிகள் பெரும்பாலும் நடந்தே ஊர் திரும்பினார்கள்.

நீராவிக் கப்பல் என்றதும் இன்னொரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், ஆனால் இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிக்கோலஸ் ரூஸ்வெல்ட், லிடியா. 1809இல் திருமணமான புதிதில், ஒரு தட்டைப் படகில் அறைகளும் சமையலுக்கு அடுப்பும் அமைத்துக்கொண்டு, பிட்ஸ்பர்கிலிருந்து கீழ்நோக்கிப் புறப்பட்டார்கள். இந்த ஆற்றில் நீராவிக் கப்பல் ஓடுமா என்று கண்டறிவதற்காக வழியெல்லாம் நீரின் ஆழத்தையும் வேகத்தையும் அளந்துகொண்டே போனார் நிக்கோலஸ். 1811இல் 'நியூ ஆர்லியன்ஸ்' என்ற கப்பலைக் கட்டிக்கொண்டு அதே வழியில் மறுபடியும் போனார்கள். லிடியா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. உறவினர்கள் தடுத்தும் கேட்காமல் ஏறினார். லூயிவில் நகரை அடைந்தபோது குழந்தை பிறந்தது. அங்கே ஆற்றில் பாறைச் சரிவு ஒன்று உண்டு. அதைக் கடக்கத் தண்ணீர் போதவில்லை. அத்தனை பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டும் அவர்கள் என்ன செய்தார்கள்? ஆறு ஏறும்வரை காத்திருந்தார்கள். நான் சொன்னேன் அல்லவா, ஆறுதான் நாள் குறிக்கிறது! பாறைச் சரிவைக் கடந்த சில நாட்களில், டிசம்பர் 16ஆம் தேதி, நியூ மாட்ரிட் பகுதியில் மாபெரும் நிலநடுக்கம் வந்தது. கரைகள் சரிந்து, ஆற்றின் வழித்தடம் மாறிப்போய், மாலுமிக்குத் தெரிந்த அடையாளங்கள் பல காணாமல் போயின. கைக்குழந்தையோடு அதையும் கடந்து 1812 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தார்கள்.

ஒரே அறையில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று கேட்டீர்கள். அவர்கள் மனத்துக்குள் நடந்ததை நான் சொல்ல முடியாது. நாள் எப்படிக் கழிந்தது என்று சொல்லலாம். ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் வாய்விட்டுப் புத்தகம் படிப்பார். ஆங்கிலம் மட்டுமல்ல, பிரெஞ்சு, ஜெர்மன் நூல்களும் உண்டு. மாலையில் சேர்ந்து இசைக்கருவி வாசிப்பார்கள். அன்னா பியானோ வாசிப்பவர். படகில் பியானோவுக்கு இடமில்லாததால் தந்திக் கருவிகளோடு நிறைவடைந்தார்கள். அந்த வாழ்க்கை அன்னாவுக்குக் கசந்திருந்தால், நிலத்துக்கு வந்த பிறகாவது நகரத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் 1952இல் அவர்கள் போய்க் குடியேறியது முதல் கோடையில் தோட்டம் போட்ட அதே பெய்ன் ஹாலோ பள்ளத்தாக்கில். ஆற்றைப் பார்த்தபடி வீடு கட்டி, மின்சாரம் இல்லாமல், 1986இல் அன்னா இறக்கும்வரை அங்கேயே இருந்தார்கள். இரண்டாண்டுகள் கழித்து ஹார்லனும் போய்விட்டார். அந்த வீட்டில் அன்னாவுக்கென்று ஒரு பியானோ இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கடைசியாக, இன்று போக முடியுமா? மிதந்து போக முடியாது, அம்மா. பழைய பலகை அணைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, பெரும்பாலும் உயரமான நிலையான அணைகளைக் கட்டிவிட்டார்கள். ஒஹையோவில் கடைசியாக எஞ்சியிருந்த பழைய பலகை அணைகளுக்குப் பதிலாக 2018இல் ஓல்ம்ஸ்டட் அணை திறக்கப்பட்டது; அதில் மட்டும் ஒரு பகுதியில் படுக்கவைக்கக்கூடிய பலகைகள் உண்டு. ஆகவே இஞ்சின் வேண்டும். ஏறக்குறைய ஒவ்வோர் அணையிலும் மதகு வழியாகத்தான் இறங்க வேண்டும். சிறு படகுகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் சரக்குப் படகுகளுக்குத்தான் முன்னுரிமை, அவை போன பிறகுதான் உங்கள் முறை. ஒஹையோ மிசிசிப்பியில் கலக்கும் கெய்ரோ ஊரைத் தாண்டிவிட்டால் கடல்வரை அந்த ஆற்றில் ஓர் அணைகூடக் கிடையாது. அங்கே நீரோட்டம் இன்றும் தடையின்றி ஓடுகிறது, வளைவுகளும் உண்டு. துடுப்பு வேலை செய்யும். ஆனால் நாற்பது சரக்குப் படகுகளை ஒன்றாகப் பிணைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற இழுவைக் கப்பல் எதிரே வந்தால் அது உங்களுக்காக நிற்காது, நிற்கவும் முடியாது. அந்தப் பகுதிக்கு இஞ்சினோடும் வானொலித் தொடர்போடும் போங்கள்.

லிடியாவைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது, தனியாகப் பேசுகிறேன். அடுத்த கேள்வி, காவிரிப் பரிசல் ஏன் வட்டமாக இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்.