ஐந்து நிமிடத்தில் கைநழுவிய சூப்பர் பவர்

வணக்கம், மொரிசியஸிலிருந்து பேசுகிறேன். பின்னால் மழைச் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், இது கியூர்பிப், இங்கே அப்படித்தான்.

இன்றைக்கு ஒரு சிறுவர் நாவல். டேவிட் சாலமன்ஸ் எழுதிய 'மை பிரதர் இஸ் எ சூப்பர்ஹீரோ'. 2015இல் வந்தது, அடுத்த வருடமே பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் சிறுவர் நூல் பரிசை வாங்கிவிட்டது.

[திரையில்: மரத்தின் மேல் ஒரு குட்டி வீடு]

லூக்குக்கு 11 வயது, காமிக்ஸ் பைத்தியம். அண்ணன் ஸாக் அதற்கு நேர் எதிர், கணக்கும் வீட்டுப்பாடமுமாக இருக்கிற நல்ல பிள்ளை. இரண்டு பேரும் மரவீட்டில் இருக்கும்போது லூக்குக்கு ஒன்றுக்கு வருகிறது, இறங்கிப் போகிறான், அவன் திரும்பி வருவதற்குள் சோர்பன் என்று வேற்று உலகத்து ஆள் ஒருவர் வந்து அண்ணனுக்கு சூப்பர் பவரைக் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார்!

பவர் கிடைத்தவனுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது, அதையெல்லாம் கரைத்துக் குடித்த தம்பிக்கோ பவர் கிடையாது. சிரிப்பு முழுக்க இங்கிருந்துதான் வருகிறது, உலகத்தைக் காப்பாற்றுவதெல்லாம் அப்புறம்.

லூக்கின் நண்பன் செர்ஜ் நடுநடுவே பிரெஞ்சு பேசுவான். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், போதாததற்குத் தமிழ் வகுப்பு என்று வளர்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவனைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கும்.

[திரையில்: மலைக்கோயில் படிக்கட்டு]

சரி, அண்ணன் தம்பிச் சண்டை நமக்குப் புதுசா என்ன? மயிலில் ஏறி உலகத்தையே சுற்றி வந்து இறங்கினால் மாம்பழம் அண்ணன் கையில். தம்பி கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

போன காவடிக்கு கோர் தெ கார்த் மலைக்கோயில் படியில் ஏறும்போது அக்கா மகன் கேட்டான், கிரியோலில்தான்: "மாமா, லூக் ஏன் மலைக்குப் போகவில்லை?"

"எப்படிடா போவான்? அண்ணனை யாரோ கடத்திவிட்டார்கள், இவன்தானே போய் மீட்க வேண்டும்."

இரண்டு படி மேலே, தண்ணீர்ப் பாட்டிலைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு போன தன் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "உடனேயே மீட்க வேண்டுமா, மாமா?"