11 டீம் வந்தா ட்ரோ எப்படிப் போடுறது? எஃப்.ஏ. கப் சொல்லித் தர்ற கணக்கு

வணக்கம் மக்களே. பின்னால தெரியுறது ஹட்டன் டன்பார் கிரவுண்ட். மூட்டம் இறங்குறதுக்குள்ள பேசி முடிச்சிருவோம். தோட்டத்துல நொக்கவுட் (தோத்தா வெளிய) ஃபுட்போல் வைக்கிற கமிட்டிக்காரங்களுக்கான வீடியோ இது. கப்பு, ஜெர்சி, ஸ்பீக்கர் எல்லாம் ஒழுங்கா வந்துரும். சண்ட வர்றது ட்ரோலதான், அதாவது யாரோட யார் மோதுறதுன்னு சீட்டு எடுக்கிறதுல.

11 டீம் பேர் குடுத்திருக்குன்னு வைங்க. வழக்கமா என்ன செய்வாங்க? அஞ்சு மெச், ஒரு டீமுக்கு பை (bye), அதாவது ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போறது. அடுத்த ரவுண்டுல ஆறு டீம், மூணு மெச். இப்ப மிச்சம் மூணு டீம். மாட்டுறது இங்கதான். ரெண்டு டீம் மோதும், மூணாவது டீம் உட்கார்ந்த இடத்துலயே ஃபைனலுக்குப் போயிரும். அது கமிட்டித் தலைவரோட டிவிஷனா இருந்துட்டா, அப்புறம் கேக்கவே வேணாம்.

சரியான வழி இது. 2, 4, 8, 16, 32. உங்க டீம் எண்ணிக்கைக்கு அடுத்து மேல வர்ற நம்பரை எடுங்க. 11க்கு மேல 16. அதுல 11 போனா 5. அஞ்சு பையும் முதல் ரவுண்டுலயே குடுத்து முடிச்சிருங்க. மிச்ச ஆறு டீம் மூணு மெச் ஆடும். ஜெயிச்ச மூணும் பை கிடைச்ச அஞ்சும் சேர்ந்தா எட்டு. அதுக்குப் பிறகு யாருக்கும் பை இல்ல. எத்தன டீம் வந்தாலும் மொத்த மெச் அதுல ஒண்ணு குறைவு. 11 டீமுன்னா 10 மெச்.

இந்தத் தப்பு நம்ம தோட்டத்துல மட்டும் நடந்ததில்ல. இங்கிலாந்தோட நொக்கவுட் போட்டி எஃப்.ஏ. கப், அதோட முதல் சீசன், 1871-72. பேர் குடுத்தது 15 டீம். கிளாஸ்கோவுல இருந்து வந்த குவீன்ஸ் பார்க், ஒரு மெச்சும் ஆடாம செமி ஃபைனலுக்கே போச்சு. லண்டன்ல வாண்டரர்ஸோட 0-0. திரும்ப ஆடணும், ஆனா மறுபடி லண்டன் வர கையில காசில்லன்னு விலகிட்டாங்க. வாண்டரர்ஸ் ஃபைனலுக்குப் போய், ரோயல் எஞ்சினியர்ஸை 1-0ன்னு அடிச்சுக் கப்பைத் தூக்குச்சு. வேன் வாடகை இல்லாம விலகுற டீமை நாம பார்க்காததா?

இப்ப எஃப்.ஏ. கப்ல போடுற கணக்கைப் பாருங்க. முதல் ரவுண்டுல 80 டீம், அது 40 ஆகி, 20 ஆகும். மூணாவது ரவுண்டுல பிரீமியர் லீக் 20ம் அடுத்த லீக் 24ம் வந்து சேரும். 20ம் 44ம் 64. பைக்கே இடமில்ல. 2024-25ல கிறிஸ்டல் பேலஸ் இந்த இடத்துல நுழைஞ்சு ஆறே மெச்சுல கப்பை எடுத்துச்சு. போட்டது 13 கோல், வாங்கினது ஒண்ணு. ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டியை 1-0ன்னு அடிச்சாங்க. பேலஸோட எஸே 16வது நிமிஷம் கோல் போட, சிட்டியோட மர்மூஷ் அடிச்ச பெனால்டியை பேலஸ் கோலி ஹெண்டர்சன் தடுத்து நிறுத்தினாரு.

அதே சீசன்லதான் முதல் ரவுண்டுல இருந்து ரீப்ளேயை, அதாவது சமமானா இன்னொரு நாள் திரும்ப ஆடுறதை, எடுத்துட்டாங்க. என்னைக் கேட்டா, சின்ன டீம் வயித்துல அடிச்ச வேலை. அஞ்சாவது படி லீக்குல ஆடுற டாம்வொர்த், டொட்டன்ஹாமை 90 நிமிஷம் 0-0ன்னு கட்டிப் போட்டுச்சு. பழைய சட்டம்னா 62,000 பேருக்கு மேல உட்காருற டொட்டன்ஹாம் கிரவுண்டுல ரீப்ளே, டிக்கட் காசுல பங்கு. புதுச் சட்டத்துல மேலதிக நேரம், அதுல மூணு கோல் வாங்கி வெளிய.

நமக்கு ரீப்ளேக்கும் நேரமில்ல, மேலதிக நேரத்துக்கும் நேரமில்ல. பாதிக்கு 20 நிமிஷம், இடைவேளை, டீம் மாறுறது எல்லாம் சேர்த்து ஒரு மெச்சுக்கு 50 நிமிஷம் வைங்க. 10 மெச்சுக்கு 500 நிமிஷம். காலைல 8 மணிக்கு ஆரம்பிச்சா 4.20. மதியத்துக்கு மேல மூட்டம் வந்தா, நடுவுல நிக்கிற ரெப்ரிக்கு (நடுவருக்கு) ரெண்டு பக்கத்துக் கோல் கம்பமும் தெரியணும், தெரியலன்னா நிறுத்தணும். அதனால முதல் ரெண்டு ரவுண்டை ஒரு ஞாயிறு, செமியும் ஃபைனலும் அடுத்த ஞாயிறு.

சமமா முடிஞ்சா நேரா பெனால்டிதான். விசில் அடிக்கும்போது ஆட்டத்துல இருந்தவங்க மட்டும் அடிக்கலாம், ஆள் மாத்தி வெளிய எடுத்தவர் வர முடியாது. ஒரு பக்கம் சிவப்பு கார்ட்ல ஆள் குறைஞ்சிருந்தா, மத்தப் பக்கமும் ஓராளைக் குறைக்கணும். இது தெரியாமதான் பாதிச் சண்ட. பெனால்டி புள்ளிக்கான 11 மீட்டரைக் காலால அளக்காதீங்க, குட்டையான ஆள் 11 எட்டு எடுத்து வச்சா 8 மீட்டர்கூட வராது. டேப் பிடிங்க. மழைல சுண்ணாம்புப் புள்ளி கரைஞ்சிரும், ஒவ்வொரு மெச்சுக்கும் முன்னால திரும்பப் போடணும்.

சரி, இப்ப ட்ரோ. பால்மா டின் ஒண்ணு. 11 துண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு டீம் பேர், எல்லாம் ஒரே கொப்பித் தாள், ஒரே அளவு, இப்படி நாலா மடிச்சது. ஒண்ணு மட்டும் தடிப்பா இருந்தா விரலுக்குத் தெரிஞ்சிரும். முதல்ல எடுக்கிற அஞ்சு துண்டுக்கு பைன்னு எடுக்கிறதுக்கு முன்னாலயே சத்தமா சொல்லிருங்க. எடுக்கிறது கமிட்டி ஆள் வேணாம், பார்க்க வந்த சின்னப்பிள்ளை போதும். கேப்டன்மார் 11 பேரும் கிட்ட நிக்கட்டும், வந்தது வந்தபடி போர்டுல எழுதுங்க, எழுதினதுக்குக் கீழ கையெழுத்து வாங்கிருங்க.

மூட்டம் வந்திருச்சு, கம்பம் தெரியல. 9 டீம், 13 டீம் கணக்கு வேணும்னா கீழ கேளுங்க.