வேன் ஓடும் தூரமும் வேன் நிற்கும் நேரமும்

வணக்கம் நேயர்களே. பினாங்கின் பிறையில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு என்னுடைய இரண்டு மின்சார வேன்கள் தினமும் பாலம் கடந்து தீவுக்குப் போய் வருகின்றன. பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" வாங்கும்போது நானும் அதைத்தான் கேட்டேன். வேறு எதையும் கேட்காமல் விட்டது என் தப்பு.

முதல் வேனின் விளம்பரத் தாளில் 300 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. எனக்குக் கிடைப்பது 210, சில நாள் 220. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அது என்இடிசி என்ற பழைய சோதனைக் கணக்கு. சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கூட வராது. மூட்டையும் கிடையாது, ஏர்கானும் கிடையாது. ஐரோப்பாவில் 2017-இல் கொண்டுவந்த டபிள்யூஎல்டிபி சோதனை கொஞ்சம் கடுமையானது, நிஜத்துக்குப் பக்கத்தில் வரும். அதே ஆண்டு ரெனோ நிறுவனம் தன் காங்கூ வேனுக்கு 270 கிலோமீட்டர் என்று என்இடிசி கணக்கைப் போட்டுவிட்டு, நடைமுறையில் சுமார் 200 எதிர்பாருங்கள் என்று தானே சொன்னது. ஆகவே இரண்டு வேன்களை ஒப்பிடும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் எந்தச் சோதனையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் இந்தக் கணக்கும் இன்னொன்றில் அந்தக் கணக்கும் இருந்தால் அது ஒப்பீடே இல்லை.

சரி, 210-தான் ஓடும் என்றால் நஷ்டமா? என் வேன் ஒரு நாளைக்கு ஓடுவது 90 கிலோமீட்டர். லிட்டில் இந்தியா, ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ், திரும்ப பாலம். தாராளமாகப் போதும். நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

என் பேட்டரி 50 யூனிட், அதாவது 50 கிலோவாட் மணி. கடைச் சுவரில் இருந்த சாதாரண மூன்று முனை பிளக்கில்தான் சார்ஜ் போட்டேன். அதில் 10 ஆம்பியர் இழுத்தால் மணிக்கு 2.3 யூனிட். மாலை ஏழு மணிக்கு மாட்டி, காலை நாலரைக்குக் கழற்றினால், வீணாவது போக 20 யூனிட் ஏறும். 90 கிலோமீட்டருக்கு 21 யூனிட் செலவு. வரவும் செலவும் ஏறத்தாழ சரி, ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தை நிரப்பிவிடும்.

தைப்பூசம் வந்தது. முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தல், அத்தனை பந்தலுக்கும் அரிசியும் பருப்பும் போக வேண்டும். ஒரு நடை இரண்டானது, 90 கிலோமீட்டர் 150 ஆனது. நாளுக்கு 35 யூனிட் செலவு, இரவில் வரவு 20. முதல் நாள் இரவே 15 யூனிட் கடன். இரண்டாம் நாள் சாயங்காலம், பாலத்தின் நடுவில், டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஆமைப் படம் எரிந்தது. வேகம் தானாகக் குறைந்துவிட்டது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. டிரைவர் அண்ணன் ஏர்கானை அணைத்துவிட்டு, வியர்த்து வழிய டோல் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார். இன்றைக்கும் என்னை "ஆமை முதலாளி" என்றுதான் கூப்பிடுகிறார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அந்த பிளக்கின் ஒரு முனை பழுப்பாகக் கருகியிருந்தது. இரவு முழுக்க, மாதக்கணக்கில் அத்தனை மின்சாரம் இழுக்கச் செய்த பிளக் அல்ல அது.

அப்புறம்தான் படித்தேன். சுவரில் மாட்டுகிற பெட்டியைச் சார்ஜர் என்கிறோம். சுவரிலிருந்து வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை டிசியாக (நேர்திசை) மாற்றிப் பேட்டரிக்குள் ஏற்றும் சார்ஜர் வேனுக்குள்ளேயே இருக்கிறது. வேன் 7 கிலோவாட்தான் வாங்கும் என்றால், சுவரில் 22 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 7-தான். இதில் இன்னொரு கூத்து. 11 கிலோவாட் வேன் மூன்று ஃபேஸிலும் (ஃபேஸ் என்றால் மின்சாரம் வரும் உயிர்க்கம்பி) 16 ஆம்பியர் வாங்கி அந்தக் கணக்கை எட்டுகிறது. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் மாட்டினால் சில வேன்களுக்கு ஒரு ஃபேஸ் மட்டுமே வேலை செய்யும், 3.7 கிலோவாட்தான் ஏறும். ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் வாங்கும் 7 கிலோவாட் வேன் அங்கே அதை முந்திவிடும். தாமான் வீட்டு வாசலில் வேனை நிறுத்துகிறவர்கள் கவனியுங்கள். என் கடைக்குத் திரீ ஃபேஸ் இருந்தது. இல்லாதவர்கள் பதிவு பெற்ற வயரிங் கான்டிராக்டர் மூலம் மின்சார நிறுவனமான தெனாகாவில் விண்ணப்பிக்க வேண்டும்.

பேட்டரிக்கே நேராக ஏற்றும் வேகமான டிசி சார்ஜர் வெளியே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 80 சதவீதம் தாண்டியதும் அது மெதுவாகிவிடும், கடைசி இருபதுக்காகக் காத்திருப்பது டிரைவர் சம்பளத்துக்குக் கேடு. ஒரு யூனிட்டுக்கு வீட்டு மின்சாரத்தைவிடக் காசும் கணிசமாக அதிகம். வேனுக்கென்று ஒரு தொல்லை வேறு: நிறைய சார்ஜர்கள் மால் கார் நிறுத்தத்துக்குள் இருக்கின்றன. வாசலில் தொங்கும் உயரக் கம்பியில் எழுதியிருப்பதையும் வேனின் உயரத்தையும் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். நான் ஒருமுறை ரிவர்ஸிலேயே வெளியே வந்தேன், பின்னால் நாலு கார்.

டீசல் வேன் ஓட்டியவர்களுக்கு இன்னொன்று தலைகீழாகத் தெரியும். நெரிசலில் மின்சார வேன் அதிகம் இழக்காது. நின்றால் ஏர்கானுக்கு மணிக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட், அவ்வளவுதான். பேட்டரியைச் சாப்பிடுவது நெடுஞ்சாலை. 90-இல் போகிற வேன் 110-இல் போனால் காற்றுத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ சுமார் 150 கிலோமீட்டர். நிறைமூட்டையோடு, புக்கிட் பெராப்பிட் ஏற்றமும் மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் ஏற்றமும் சேர்ந்து, 40 யூனிட் போய்விடுகிறது. இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப வரும், ஏறும்போது கொடுத்தது முழுதும் வராது. ஈப்போ நடைக்கு நான் இன்னும் டீசல் வேன்தான் அனுப்புகிறேன், அதில் வெட்கமில்லை.

அடுத்த மாதம் மூன்றாவது வேன் பார்க்கப் போகிறேன். பெரிய பேட்டரி வேண்டாம், அந்த எடைக்கு அரிசி ஏற்றிக்கொள்ளலாம். 40 யூனிட் போதும், ஆனால் 11 கிலோவாட் வாங்க வேண்டும், நாலு மணி நேரத்தில் நிரம்பிவிடும். சார்ஜ் போடும் வாய் மூக்கில் இருக்க வேண்டும். என் கடைச் சந்தில் பக்கவாட்டில் கதவு திறக்க இடமில்லை.