சந்தேகங்களுக்கு விளக்கம்: பேரிக்காய்ப் பெட்டியா, சிப்பி ஸ்பூனா?

வணக்கம். பழைய டீ கேடி, அதாவது தேயிலையைப் பத்திரமா வெக்கிற பழங்காலப் பெட்டி பத்திப் போன தடவை பேசினதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு. அதுல கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நேயர் அனுப்பினதை முதல்ல எடுத்துக்கறேன். அப்படியே படிக்கிறேன், கேளுங்க.

"சார், இங்கிலாந்து ஆன்லைன் ஏலம் ஒண்ணுல மூணு சாமான் பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு, பேரிக்காய் வடிவத்துல மரத்துல செஞ்ச டீ கேடி. ஜார்ஜியன் ஸ்டைல்னு போட்டிருக்கு. ரெண்டாவது, சிப்பி மாதிரி குட்டி வெள்ளி கேடி ஸ்பூன், பர்மிங்ஹாம்னு எழுதியிருக்கு. மூணாவது, ஆமை ஓடு ஒட்டின பெட்டி. புதுசா சேர்க்க ஆரம்பிக்கிறவன் எதை வாங்கலாம்? ஒரிஜினலானு எப்படித் தெரிஞ்சுக்கறது? அந்தப் பெட்டியில டீத்தூள் போட்டு வெச்சுப் புழங்கலாமா?"

ஜார்ஜியன்னா இங்கிலாந்தை ஜார்ஜ்ங்கிற பேருள்ள ராஜாக்கள் வரிசையா ஆண்ட காலம். கேடி ஸ்பூன்னா அந்தப் பெட்டியில இருந்து தேயிலையை அள்ளுற கரண்டி. பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஸ்பூனை வாங்குங்க. பேரிக்காயை இப்போதைக்கு விடுங்க. ஆமை ஓட்டுப் பக்கம் போகவே போகாதீங்க. டீத்தூள் விஷயத்தைக் கடைசியில சொல்றேன்.

ஏன் ஸ்பூன்? தான் யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்னு அது தன் உடம்புலயே எழுதி வெச்சிருக்கு. மரப்பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. பெட்டியைப் பார்த்துக் காலம் சொல்றதுக்குக் கண்ணு பழகணும், பழகவும் வருஷக்கணக்காகும். ஸ்பூனுக்கு ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இந்தச் சாமானெல்லாம் எதுக்கு வந்ததுனு தெரிஞ்சா மத்தது தானா புரியும். 1600கள்ல இங்கிலாந்துக்குள்ள தேயிலை வரும்போது அது சீனாவுல இருந்து வர்ற விலை உசந்த சரக்கு. அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தனி உரிமையா வெச்சிருந்தது. அதுக்கு மேல அரசாங்கம் போட்ட வரி இருக்கே, 1784க்கு முன்னாடி நூத்துக்கு நூறைத் தாண்டி 119 சதவீதம் வரைக்கும் போயிருந்தது. அதனால கடத்தல் அமோகமா நடந்தது. வேற மரத்து இலையைக் காய வெச்சு, சாயம் ஏத்தி, தேயிலைனு விக்கிறதும் நடந்தது. 1784ல பிட் பிரதமரா இருந்தப்போ கம்யூட்டேஷன் சட்டம் கொண்டுவந்து வரியை ஒரே அடியா பன்னெண்டரை சதவீதத்துக்கு இறக்கினாங்க. கடத்தல்காரங்க பொழப்பு அதோட போச்சு.

விலை உசந்த சரக்குங்கிறதால தேயிலையை வேலைக்காரங்க கையில விட மாட்டாங்க. பெட்டிக்குப் பூட்டு இருக்கும், சாவி வீட்டு எஜமானியம்மாகிட்ட இருக்கும். நம்ம ஊர்ல மாமியார் இடுப்புல தொங்குமே சாவிக்கொத்து, அதே கதைதான். பெட்டியும் அடுக்களையில இருக்காது, விருந்தாளிங்க உக்கார்ற அறையிலதான் இருக்கும். அவங்க கண் முன்னாடி திறந்து, அளந்து, அந்தம்மாவே டீ போடுவாங்க. பெட்டியில இத்தனை அலங்காரம் எதுக்குன்னா அதுக்குத்தான். உள்ளே ரெண்டு அறை இருந்தா ஒண்ணு பச்சைத் தேயிலைக்கு, ஒண்ணு கறுப்புத் தேயிலைக்கு. நடுவுல ஒரு கண்ணாடிக் கிண்ணம் வெச்ச பெட்டிகளும் உண்டு. அந்தக் கிண்ணம் சர்க்கரைக்கா, இல்ல ரெண்டு தேயிலையையும் கலக்கவானு சேர்க்கிறவங்க இன்னிக்கும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நான் சர்க்கரைக் கட்சி.

சரி, ஸ்பூனுக்கு வர்றேன். ஆரம்பத்துல ஸ்பூனே கிடையாது. 1700களோட முதல் பாதியில வந்த வெள்ளி டப்பாக்களுக்கு வாய் குறுகலா இருக்கும், மேல ஒரு குமிழ் மூடி. அந்த மூடியைக் கழட்டி அதுலயே அளந்து போட்டுக்கிட்டாங்க. பெட்டிக்குக் கீல் வெச்ச அகலமான மூடி வந்தப்புறம்தான் அள்ளிப் போட ஒரு கரண்டி தேவைப்பட்டது. பெட்டிக்குள்ளயே கிடக்கணும்ங்கிறதால கைப்பிடியைக் குட்டையா வெச்சாங்க. 1770ஐ ஒட்டி இது வருது, அடுத்த அம்பது அறுபது வருஷம் இதுக்குப் பொற்காலம். சீனாவுல இருந்து வர்ற தேயிலைப் பெட்டியில மாதிரி பார்க்கிறதுக்காக ஒரு நிஜச் சிப்பியைப் போட்டு அனுப்புவாங்க, அதைப் பார்த்துத்தான் சிப்பி வடிவம் வந்ததுனு சொல்லுவாங்க. அது எப்படியோ, இன்னிக்கு ஏலத்துல அதிகமா வர்றதுல சிப்பியும் ஒண்ணு. இலை, மண்வெட்டி, மனுஷக் கை, கழுகுச் சிறகு, குதிரைப் பந்தயக்காரர் தொப்பினு மத்த வடிவங்களும் இருக்கு. கழுகும் தொப்பியும் அபூர்வம், விலையும் எக்கச்சக்கம். புதுசா வர்றவங்களுக்குச் சிப்பியும் இலையும்தான் சரி.

இதெல்லாம் பெரும்பாலும் பர்மிங்ஹாம்ல செஞ்சது. மெல்லிசு வெள்ளித் தகட்டை அச்சுல அடிச்சு எடுப்பாங்க. பல ஸ்பூன் கையில வெச்சா கனமே தெரியாது. சாமுவேல் பெம்பர்டன், ஜோசப் டெய்லர், மேத்யூ லின்வுட், காக்ஸ் அண்ட் பெட்ரிட்ஜ், இவங்கதான் இதுல கொடி கட்டிப் பறந்தவங்க. 1773க்கு முன்னாடி பர்மிங்ஹாம்காரங்க வெள்ளிக்கு ஹால்மார்க் முத்திரை குத்தணும்னா செஸ்டருக்கோ லண்டனுக்கோ அனுப்பணும். மேத்யூ போல்டன்ங்கிற தொழிலதிபர் பார்லிமென்ட் வரைக்கும் போய்ப் போராடித்தான் அந்த வருஷம் அங்கேயே முத்திரை ஆபீஸ் வந்தது. கூடவே ஷெஃபீல்டுக்கும் ஒண்ணு கிடைச்சது. கடலே இல்லாத பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் சின்னமாச்சு, ஷெஃபீல்டுக்குக் கிரீடம்.

ஸ்பூன்ல என்னென்ன பார்க்கணும்? நடந்து போற சிங்கம் இருந்தா 92.5 சதவீத ஸ்டெர்லிங் வெள்ளி. நங்கூரம் இருந்தா பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தா லண்டன். அப்புறம் ஒரு ஒத்தை எழுத்து, அது வருஷம். ஒவ்வொரு ஊருக்கும் எழுத்தோட பாணியும் சுத்தி இருக்கிற கட்டமும் மாறும், அட்டவணை பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் காலத்துல பர்மிங்ஹாம்ல எழுத்து ஜூலையில மாறும். அதனால ஒரே எழுத்து ரெண்டு ஆங்கில வருஷத்துல பாதிப் பாதியா விழும். அடுத்து செஞ்சவரோட இனிஷியல். ஜோசப் டெய்லருக்கு ஜே டி னு தேடாதீங்க, ஐ டி னு இருக்கும். அந்தக் காலத்து முத்திரையில ஜே வர வேண்டிய இடத்துல ஐ குத்துவாங்க.

அஞ்சாவது முத்திரைதான் எனக்குப் பிடிச்சது. ராஜா தலை. 1784 டிசம்பர்ல இருந்து 1890 வரைக்கும் வெள்ளிக்குத் தீர்வை கட்டியாச்சுங்கிறதுக்கு அடையாளமா ராஜா இல்ல ராணியோட தலையைக் குத்தினாங்க. தேயிலை வரியைக் குறைச்ச அதே வருஷத்துல வெள்ளி மேல வரி போட்டிருக்காங்க, கவனிச்சீங்களா? ஒரு கையில குடுத்து இன்னொரு கையில வாங்கிக்கிட்டாங்க. 1786ல இருந்து மூணாம் ஜார்ஜ் தலை வலது பக்கம் பார்க்கும், விக்டோரியா தலை இடது பக்கம் பார்க்கும். 1790ல வந்த ஒரு சட்டம் எடை குறைஞ்ச சின்ன வெள்ளிச் சாமான் பலதுக்கு விலக்கு குடுத்தது, ஆனா கேடி ஸ்பூனுக்கு அந்த விலக்கு கிடையாது. அதனால 1800னு சொல்லி விக்கிற பர்மிங்ஹாம் சிப்பியில ராஜா தலை இல்லைன்னா ஏன்னு கேளுங்க. கம்பி வேலைப்பாடு செஞ்ச ஸ்பூன் மட்டும் வேற கணக்கு, அதுல முத்திரை குத்த இடமே இருக்காது, பலது முத்திரை இல்லாமத்தான் வரும்.

இப்ப ஏமாத்து வேலைக்கு வருவோம். ஒண்ணு, சாதாரணப் பழைய டீ ஸ்பூனை எடுத்து, கைப்பிடியை வெட்டி, குழியைத் தட்டிச் சிப்பி ஆக்கிடுவாங்க. வெள்ளி நிஜம், முத்திரையும் நிஜம், ஆனா பொருள் பொய். தட்டும்போது முத்திரை இழுபட்டிருக்கும், இல்லைன்னா இருக்கக் கூடாத இடத்துல இருக்கும். கைப்பிடியும் குழியும் சேர்ற இடத்துல வாயால ஊதிப் பாருங்க. அங்கே வெட்டி ஒட்டியிருந்தா, மூச்சுப் படியிற ஒரு நிமிஷத்துல பத்த வெச்சு ஒட்டின கோடு பளிச்சுனு தெரியும். இன்னொண்ணு, பழைய பாக்கெட் கடிகாரத்தோட வெள்ளி மூடியை எடுத்து, முன்னாடி ஒரு விளிம்பை ஒட்டி, பந்தயக்காரர் தொப்பினு விப்பாங்க. லண்டன்ல கோல்ட்ஸ்மித்ஸ் ஹால்ல இப்படிச் சந்தேகம் வர்ற வெள்ளியைப் பார்க்கிறதுக்குன்னே ஒரு குழு இருக்கு. அங்கே சட்டப்படி இந்த மாதிரி மாத்தின வெள்ளியை அப்படியே விக்கக் கூடாது.

மூணாவது, ஏமாத்தே இல்லாம நாமளா ஏமாறுறது. 1840ல எல்கிங்டன் கம்பெனி மின்முலாம் பூசுறதுக்கு பேடன்ட் வாங்கினப்புறம் வந்த சாமான்ல ஈ, பி, என், எஸ் னு நாலு எழுத்தைத் தனித்தனிக் கட்டத்துக்குள்ள குத்துவாங்க. தூரத்துல பார்த்தா ஹால்மார்க் மாதிரியே இருக்கும். அது வெள்ளி முலாம்தான். சிங்கம் இல்லைன்னா அடுத்ததைப் பாருங்க.

உங்க பேரிக்காய்க்கு வர்றேன். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில இங்கிலாந்துலயும் ஜெர்மனியிலயும் ஆப்பிள், பேரிக்காய் வடிவத்துல கடைஞ்சாங்க, மரமும் பழமரம்தான். பார்க்க அவ்வளவு அழகு, அதனாலதான் போலியும் அவ்வளவு. ஒரிஜினல்னா மரம் இருநூறு வருஷத்துல ரேகைக்குக் குறுக்கால சுருங்கியிருக்கும். வட்டமா கடைஞ்சது லேசா முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், மூடி அச்சுல வார்த்த மாதிரி உக்காராது. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்த தடமாவது இருக்கணும். பூட்டு சின்ன இரும்புப் பூட்டா இருக்கும், சாவித் துவாரத்தைச் சுத்தி விரல் பட்டு மழுங்கியிருக்கும். புதுசுல வட்டம் கச்சிதமா இருக்கும், உள்ளேயும் வெளியேயும் ஒரே கறுப்புச் சாயம், திறந்தா வார்னிஷ் வாடை. இதுல எதையுமே போட்டோவுல பார்க்க முடியாது. அதோட "ஜார்ஜியன்"னு போடாம "ஜார்ஜியன் ஸ்டைல்"னு போட்டிருக்காரே விக்கிறவர், அவர் பொய் சொல்லலைங்க. நாமதான் அந்த ஸ்டைலைப் படிக்காமத் தாண்டிப் போறோம்.

ஆமை ஓடு. இது அழுங்காமையோட ஓடு. இந்தியாவுல 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. பழசு, ஆன்டிக், தாத்தா காலத்துதுன்னெல்லாம் கஸ்டம்ஸ்ல சொல்லிப் பிரயோஜனம் இல்லை, சர்வதேச ஒப்பந்தமும் இருக்கு. பெட்டியும் போய், பணமும் போய், வழக்கும் வரும். தந்தத்துக்கும் இதேதான். இங்கிலாந்துலயே 2018ல தந்தச் சட்டம் போட்டு 2022 ஜூன்ல இருந்து அமல்படுத்திட்டாங்க, சில விலக்கு தவிரப் பழசையும் விக்க முடியாது. இதுல எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அந்தக் காலத்துல சென்னை மாகாணத்துல இருந்த விசாகப்பட்டினத்துல நம்ம ஊர்க் கைவினைஞர்கள் தந்தத் தகடு ஒட்டி, அதுல பூவும் கொடியும் கீறி, கறுப்பு அரக்கு நிரப்பி, கம்பெனிக்காரங்களுக்காக டீ கேடி செஞ்சிருக்காங்க. அபாரமான வேலை. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல விசாகப்பட்டின வேலைப்பாடு இருக்கு, அங்கே போறவங்க பாருங்க. வீட்டுல வெச்சுக்க ஆசைப்படாதீங்க.

பூட்டு போட்ட பெட்டி ஏன் வழக்கொழிஞ்சதுனு இன்னொருத்தர் கேட்டிருந்தார், இதோட சேர்த்தே சொல்லிடறேன். தேயிலை மலிஞ்சு போச்சு. 1839ல அசாம் தேயிலை லண்டன்ல ஏலத்துக்கு வந்தது. அப்புறம் இலங்கையில காப்பிச் செடி நோயில அழிஞ்சதும் மலை மலையா தேயிலை போட்டாங்க. நம்ம தமிழ் ஜனங்க அந்தத் தோட்டங்கள்ல குறைஞ்ச கூலிக்கு இலை பறிச்சதாலதான் இங்கிலாந்துல கூலிக்காரன் வீட்டு அடுக்களையிலயும் தேயிலை சாதாரணமா கிடந்தது. அப்புறம் எதுக்குப் பூட்டு? பாக்கெட்டும் தகர டப்பாவும் வந்தாச்சு. அந்தத் தகர டப்பாவைச் சேர்க்கிறவங்க தனி, அதுக்கு இன்னொரு நாள் பேசுவோம்.

கடைசிக் கேள்வி, டீத்தூள் போடலாமா? பெட்டியில வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கிற தாள்ல ஈயம் கலந்திருக்கும், சாப்பிடற பொருள் அதுல பட வேண்டாம். ஸ்பூனைத் தாராளமா புழங்கலாம், வெள்ளிதானே. கழுவினதும் துடைச்சு வெச்சிடுங்க. ஆனா குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி விபூதி, பல்பொடி போட்டு வாராவாரம் பளபளன்னு தேய்க்காதீங்க. தேய்க்கத் தேய்க்க முத்திரை மழுங்கிடும், முத்திரை போனா மிச்சம் இருக்கிறது வெறும் வெள்ளித் துண்டு. மெத்துனு ஒரு பருத்தித் துணி போதும்.

ஏலம் முடியறதுக்கு முன்னாடி விக்கிறவருக்கு எழுதி, முத்திரையைக் கிட்டக்க ஒரு போட்டோ, குழியும் கைப்பிடியும் சேர்ற இடத்தைப் பின்பக்கத்துல இருந்து ஒரு போட்டோ, கிராம்ல எடை, இந்த மூணையும் கேளுங்க. அனுப்பினா எனக்கும் காட்டுங்க, எழுத்தை அட்டவணையில வெச்சு வருஷத்தைச் சேர்ந்தே பார்ப்போம். அனுப்பலைன்னா விட்டுடுங்க, பர்மிங்ஹாம்காரங்க சிப்பி ஸ்பூன் ஏராளமா அடிச்சுத் தள்ளியிருக்காங்க, அடுத்த ஏலத்துல இன்னொண்ணு வரும்.