பெருங்குடல் புற்றுசெல் கல்லீரலில் எப்படிப் பிழைக்கிறது?

[திரையில்: குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்]

பெருங்குடல் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போய் உட்காரும் இடம் கல்லீரல்தான். குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்து அதன் நுண்குழாய்களில் ஊர்ந்துதான் வெளியே வருகிறது, அதனால் கட்டியிலிருந்து கழன்ற செல் முதலில் சிக்குவதும் அங்கேதான். மலக்குடலின் கீழ்ப்பகுதி கொஞ்சம் விதிவிலக்கு.

சரி, போய்ச் சேர வழி இருக்கிறது. ஆனால் சேர்ந்த செல்களில் மிகப் பெரும்பாலானவை அங்கே செத்துப்போகின்றன. பிழைக்கிற சிலவற்றிடம் அப்படி என்ன இருக்கிறது?

புதிதாக ஒரு மியூட்டேஷன், அதாவது மரபணுவில் ஒரு பிழை, வந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தேடியும் பார்த்தார்கள். ஏ.பி.சி., கே-ராஸ், டி.பி.53 என்ற மரபணுக்களில், குடல் கட்டியில் இருந்த முக்கியமான பிழைகளே பெரும்பாலும் கல்லீரல் கட்டியிலும் இருந்தன. கல்லீரலுக்குப் பரவுவதற்கென்றே எல்லா நோயாளிகளிடமும் பொதுவாக ஒரு பிழை அகப்படவில்லை. ஆக, அதே மரபணுக்களில் எது ஓட வேண்டும், எது அடங்க வேண்டும் என்கிற கட்டுப்பாட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த நோயில் நாம் இன்னும் நிறையப் பேச வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன்.

டி.என்.ஏ.வில் என்ஹான்சர் என்று சில பகுதிகள் உண்டு. தூரத்தில் இருக்கும் மரபணுவைத் தூண்டிவிடுவதுதான் அவற்றின் வேலை. கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில், குடலுக்கே உரிய மரபணுக்கள் அடங்கி, கல்லீரலுக்கு உரியவை விழித்திருப்பதை 2020-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஃபாக்ஸ்-ஏ2, ஹெச்.என்.எஃப்.1-ஏ என்ற இரண்டு கட்டுப்பாட்டுப் புரதங்கள் புதிய என்ஹான்சர்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வந்தேறிய செல் உள்ளூர்க்காரனாகவே மாறப் பார்க்கிறது.

[திரையில்: செல்லுக்குள் நுழையும் ஃப்ரக்டோஸ்]

ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். நாம் சாப்பிடும் ஃப்ரக்டோஸ் சர்க்கரையில் பெரும்பங்கைக் கையாளும் உறுப்புகளில் முக்கியமானது கல்லீரல், அதை உடைக்க ஆல்டோலேஸ்-பி என்ற நொதி வேண்டும். கல்லீரலில் குடியேறிய புற்றுசெல்லில் காட்டா-6 என்ற புரதம் இந்த நொதியின் மரபணுவை முடுக்கிவிடுகிறது, அப்புறம் அந்தச் செல் ஃப்ரக்டோஸை உடைத்து, பெருகுவதற்குத் தேவையான சரக்கைத் தானே தயாரித்துக்கொள்கிறது. 2018-இல் வெளியான இந்த ஆய்வில், எலிகளின் உணவில் ஃப்ரக்டோஸைக் குறைத்தபோது கல்லீரல் கட்டிகளின் வளர்ச்சி மட்டுப்பட்டது, ஆனால் குடலில் இருந்த முதல் கட்டி பெரிதாக அசையவில்லை. ஒரே நோய், ஒரே மரபணுப் பிழைகள், இருக்கும் இடத்தைப் பொறுத்து தீனி வேறு! தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு வீட்டில் இருக்கும் நோயாளிக்குப் பழத்தை நிறுத்திவிடாதீர்கள். இது எலியில் பார்த்தது. கீமோ நடக்கும்போது உடம்பு இளைத்துப்போவதே பெரிய ஆபத்து, உணவில் எதை மாற்றுவதானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று, எல்.ஜி.ஆர்.5. குடலின் ஸ்டெம் செல்களுக்கு, அதாவது மற்ற செல்களைப் புதிதாக உண்டாக்கும் மூலச் செல்களுக்கு, அடையாளமான மரபணு. 2017-இல் எலிகளில் செய்த சோதனையில், இந்த மரபணு ஓடும் செல்களை அழித்தபோது குடல் கட்டி சுருங்கவில்லை, மற்ற செல்களே அதைத் தாக்குப்பிடிக்க வைத்தன. கல்லீரல் கட்டிகளோ அந்தச் செல்கள் இல்லாமல் வளரவே திணறின. அப்படியானால் பரவுவதும் அவைதான் என்று நினைப்போம், இல்லையா? 2020-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பார்த்தது வேறு: கட்டியை விட்டுக் கிளம்பும் செல்களில் பெரும்பாலானவற்றில் எல்.ஜி.ஆர்.5 அணைந்திருக்கிறது, போய்ச் சேர்ந்த பிறகு அவற்றின் வாரிசுகளில்தான் மறுபடி எரிகிறது. அதனால்தான் இதைக் குறிவைக்கும் மருந்தை எப்போது கொடுப்பது என்பது இவ்வளவு சிக்கலான கேள்வி. செல் வழியில் இருக்கும்போது கொடுத்தால், மருந்து பிடித்துக்கொள்ள பெரும்பாலான செல்களின்மேல் எல்.ஜி.ஆர்.5 இருக்காது.