சுருட்டி வைத்த பாய்

(சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், மார்ச் 30 மாலை, மனநோயோடு வாழ்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது. கொச்சையை மட்டும் நீக்கி எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

"நோயை வென்று காட்டியவர்" என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனாலும் அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் எதையும் வெல்லவில்லை. நேற்று ராத்திரியும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்தேன், இன்று ராத்திரியும் போடுவேன். எனக்கு இருப்பதை டாக்டர்கள் பைபோலார் என்கிறார்கள். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். மனம் சில காலம் அளவுக்கு மீறி மேலே ஏறும், சில காலம் ஒரேயடியாகக் கீழே இறங்கும். என் அம்மா கடைசிவரை "கிரகக் கோளாறு" என்றே சொன்னார். பதினாறு வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறேன். தொழில் வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை, நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

மார்ச் 30-ஐ இந்த நோய்க்கான உலக நாளாக வைத்திருப்பது, 1853-இல் ஓவியர் வான்கோ பிறந்த நாள் என்பதால். அவருக்கு இந்த நோய் இருந்திருக்கலாம் என்று அவர் இறந்து வெகுகாலம் கழித்துக் கணித்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கும், மேதை என்று யாரும் சொல்லாத பஸ் கண்டக்டருக்கும், பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கும் இதே நோய்தான் வருகிறது. எங்களுக்கு ஒரு நாளும் இல்லை, படமும் இல்லை. போகட்டும்.

சேலத்துக்காரன் இந்த நோயைப் பற்றிப் பேச வந்தால் ஏற்காட்டு மலைப்பாதையை உவமையாகச் சொல்வான் என்று எதிர்பார்ப்பீர்கள். மேலே ஏறுவது, கீழே இறங்குவது. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. அந்தப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எத்தனையாவது வளைவில் இருக்கிறோம் என்று பஸ்ஸில் தூங்கி விழித்தவனுக்கும் தெரியும். எனக்குள் அப்படி ஒரு பலகையும் இல்லை. ஏறிக்கொண்டிருக்கும்போது ஏறுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். இன்று உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் எனக்கு வந்தது இறக்கம். இருபத்தேழு வயது. மூன்று மாதம் பட்டறைப் பக்கமே போகவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், மனச்சோர்வு என்று மருந்து கொடுத்தார். அவர் மேல் தவறு சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வருடம் இரண்டு வாரம் தூங்காமல், கொள்ளாமல், ஊரையே விலைபேசிக்கொண்டு திரிந்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அது நோய் என்று எனக்குத் தோன்றினால்தானே சொல்வேன்? என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்த காலம் அது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! கூட வந்த என் மனைவியிடமும் யாரும் கேட்கவில்லை. பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலரை அது மேலே தூக்கி எறிந்துவிடும். என்னை எறிந்தது.

ஆறு வாரத்தில் நான் ஏற்காட்டில் இருந்தேன். நாகலூர் போகும் வழியில் ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கு மூன்று லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். அது கடைக்காரர்கள் வெள்ளி வாங்கச் சொல்லிக் கொடுத்திருந்த பணம். ஏன் தோட்டம் என்றால், காப்பிக்கு நிழல் தரும் மரத்துக்குப் பெயர் சில்வர் ஓக். வெள்ளி வேலை செய்கிறவனுக்கு வெள்ளி மரம்! தெய்வமே கைகாட்டுகிறது என்று நடு ராத்திரியில் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். என் மச்சான் ஏழு முறை பஸ் ஏறிப் போய், கெஞ்சி, பாதிப் பணத்தைத் திருப்பி வாங்கினார். மீதிக்கு மனைவியின் நகை போயிற்று.

அதற்குப் பிறகுதான் பைபோலார் என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. நடுவில் அம்மா என்னைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் நாற்பத்தெட்டு நாள் தங்கவைத்தார். அதை நான் கேலி பேச மாட்டேன். ஒரு தாய் தன் வேலையெல்லாம் விட்டுவிட்டு மகன் பக்கத்தில் நாற்பத்தெட்டு நாள் உட்கார்ந்திருந்தார் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்திவிட்டோம். கோயிலுக்குப் போங்கள், மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு போங்கள். சங்கிலியும் பூட்டும்தான் வைத்தியம் என்று நம்பியதன் விலையை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். மனநோயாளிகளைக் கட்டிப்போட்டிருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள்.

இனி பாய்க் கதை.

என் பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார், அப்பா காலத்து ஆள். கம்பி இழுப்பதில் அவர் கைக்கு இணை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் பட்டறை மூலையில் கோரைப்பாய் விரித்துப் படுப்பது வழக்கம். சில வருடத்துக்கு முன், ஆடிப் பண்டிகைக்கு முந்தைய வாரம், கோட்டை மாரியம்மன் தேருக்கு முன்னால் ஆர்டர் எல்லாம் முடித்தாக வேண்டிய நெருக்கடி. நான் பம்பரமாகச் சுழன்றேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், "பையன் பழையபடி ஆகிவிட்டான்" என்று. பெரியவர் மட்டும் என் மனைவிக்குப் போன் போட்டார். "அம்மா, தம்பி அஞ்சு நாளாகப் பாய் விரிக்கவில்லை. சுருட்டி வைத்தது வைத்தபடியே இருக்கிறது."

இவ்வளவுதான் சொன்னார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வந்து பட்டறையைத் திறந்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். ராத்திரி முழுக்க நானூறு சலங்கை வைத்து ஒரு கொலுசு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். யானைக்குக்கூடக் கட்ட முடியாது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "பற்று நன்றாகப் பிடித்திருக்கிறது தம்பி" என்றார். பிறகு வெள்ளிப் பெட்டியின் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். என் மனைவியும் மச்சானும் ஆட்டோவில் வந்து சேரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் கத்தினேன். சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். "சாப்பிட்டுவிட்டுத் திட்டு தம்பி" என்றார். அந்த முறை பத்தே நாளில் மருந்தை மாற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். காப்பித் தோட்டம் எதுவும் வாங்கவில்லை.

தூக்கம் குறைவதுதான் பலருக்கு முதல் அறிகுறி. தூக்கம் வராமல் தவிப்பது வேறு. இது தூக்கமே தேவைப்படாமல் போவது. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு எட்டு மணி நேரம் தூங்கியவன்போல எழுவது. அப்படி எழுந்தவன் டாக்டரிடம் போய் "நன்றாக இருக்கிறேன்" என்று சத்தியம் செய்வான். நம்பாதீர்கள்.

ஏற்றத்தைப் பற்றித்தான் கதை சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் பெரும்பாலோருக்கு மேலே இருக்கும் நாட்களைவிடக் கீழே கிடக்கும் நாட்கள்தான் அதிகம். அதைச் சொல்லக் கதை இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது, அவ்வளவுதான். அந்த நாட்களில் எனக்கு அறிவுரை சொல்லாதவர் ஒருவர்தான், பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருக்கும் நண்பர். சாயங்காலம் கடை சாத்திவிட்டு, ஒரு தட்டுவடை செட் பொட்டலத்தோடு வருவார். என் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பிரித்து, அவரே சாப்பிடுவார். பீட்ரூட் துருவல் சட்டையில் விழும், துடைத்துக்கொள்வார். ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போவார். தேறிவிடுவாய் என்றோ, மனதைத் தைரியமாக வைத்துக்கொள் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ அந்த மிச்சத்தில் பாதியைத் தின்றேன். அவர் மறுநாள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு செட் வாங்கி வந்தார்.

ஒரே ஒரு நாள் நேராகக் கேட்டார்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே மூட்டிவிட்டதுபோல ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "தோன்றுகிறது" என்றேன். அன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போகவில்லை, காலையில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாதவர்கள் 14416-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் டெலி மானஸ் எண், பகலிலும் இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம். நான் சாப்பிடுவது லித்தியம். அது ஒரு உப்பு. கல்லிலிருந்து கண்டுபிடித்ததால் கிரேக்க மொழியில் கல் என்ற சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். வெள்ளைக்கல் வெட்டிப் பிழைத்த ஊர்க்காரர்களுக்கு இது வேற்று ஆள் இல்லை. இது இந்த நோய்க்கு உதவும் என்று ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1949-இல் எழுதி வெளியிட்டார். அவர் மருந்து கொடுத்துத் தேறிய முதல் நோயாளியே இரண்டு வருடம் கழித்து அதே மருந்து ரத்தத்தில் மிகுந்து இறந்தார். ரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. ராத்திரி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். கூடவே சிறுநீரகமும் தைராய்டும் பார்ப்பார்கள். தராசை நம்பித் தொழில் செய்கிற எனக்கு இதில் ஒரு திருப்தி.

ஒரு முறை அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று வீட்டில் எல்லோருக்குமே உப்பைக் குறைத்துவிட்டார்கள். அது சித்திரை மாதம், சேலத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம். கூடவே இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய வலி மாத்திரை. மூன்றும் சேர்ந்தன. உப்புக் குறைந்தாலும், உடம்பில் நீர் வற்றினாலும், சில வகை வலி மாத்திரை சாப்பிட்டாலும் லித்தியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். வாந்தி, நடை தள்ளாட்டம். குடித்திருக்கிறேன் என்று தெருவில் பேசினார்கள். பெரியவர்தான் ஆட்டோ பிடித்தார்.

லித்தியத்தால் கை லேசாக நடுங்கும். கொலுசில் பற்றவைக்கிறவனுக்கு அது சாதாரணக் குறை இல்லை. டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்தார், கொஞ்சம் அடங்கியது, முழுதும் போகவில்லை. நுண்வேலையை விட்டுவிட்டேன். இப்போது கணக்கும் கொள்முதலும்தான் என் வேலை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. வருத்தமில்லாததுபோல உங்கள் முன் நடிக்க மாட்டேன்.

நன்றாக இருக்கும் நாளில் நாங்கள் ஒரு தாள் எழுதினோம். மனைவி, மச்சான், நண்பர், பெரியவர், நான். ஐந்தாயிரத்துக்கு மேல் செலவென்றால் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். பாய் மூன்று நாள் விரியாவிட்டால் டாக்டருக்குப் போன், என்னைக் கேட்காமலே. ஒன்பது மணிக்கு மேல் வண்டிச் சாவி மச்சானிடம். நான் கத்தினால் பதிலுக்குக் கத்தக் கூடாது. இதெல்லாம் என் வாயால் நானே சொல்லி எழுதவைத்தது. அதனால்தான் மேலே போகும்போது "நீ சொன்னதுதான் தம்பி" என்று பெரியவரால் சொல்ல முடிகிறது.

இது வீட்டுத் தாள். சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநல பராமரிப்புச் சட்டத்தின்படி, நான் முடிவெடுக்க முடியாத நிலையில் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். எனக்காகப் பேச ஒருவரையும் நியமிக்கலாம். அந்த நியமனத்துக்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும், அவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நான் நண்பரை எழுதினேன். தம்பிக்குக் கோபம், இரண்டு தீபாவளி பேசவில்லை. உறவைப் பார்த்து எழுதாதீர்கள். தட்டுவடையை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவரைப் பார்த்து எழுதுங்கள்.

பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. நாட்டில் இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 70 பேர் சிகிச்சையில் இல்லை என்று வந்தது. இங்கே வந்திருப்பவர்கள் மீதி முப்பதில் சிலர். மாதம் ஒரு ஞாயிறு நாம் இங்கே கூடுகிறோம். அடுத்தவர் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற ஒரே விதியோடு. போன மாதம் ஆத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், இளம்பிள்ளையில் ஒரே நாளில் பதினொரு புடவை வாங்கியதைச் சொன்னார். பதினொன்றும் ஒரே மாம்பழ மஞ்சள். அவர் வீட்டில் அதைச் சொன்னால் இன்றும் அழுகைதான் வருமாம். இங்கே நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அவர்தான் அதிகம் சிரித்தார். நான் என் சில்வர் ஓக் கதையை முதன்முதலாக வெளியில் சொன்னது அன்றைக்குத்தான்.

நேரமாகிவிட்டது. இந்தப் பேச்சைத் தயாரிக்கிறேன் என்று நேற்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்துவிட்டேன். இன்று மத்தியானமும் படுக்கவில்லை. அதோ, கடைசி வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் மத்தியானமே பட்டறை மூலையைப் பார்த்துவிட்டார். ஒன்பதரைக்குள் படுத்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் அவரைக் கூட்டிவந்தேன். கேள்வி இருந்தால் கேளுங்கள், சுருக்கமாகக் கேளுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.